வெப் அப்ளிகேஷனில் லைப்ரரிகளைக் கட்டி மேய்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோட் ஜேஎஸ், ரியாக்ட், வியூ என்று ஜாவாஸ்கிரிப்டில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள், லைப்ரரிகளை (பேக்கேஜ்களை) இறக்கித் தரும் கருவியான என்பிஎம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். யார்ன், பிஎன்பிஎம் பயன்படுத்துகிறவர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும், கட்டளைகள்தான் கொஞ்சம் மாறும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு லைப்ரரியை யார் எழுதியிருந்தாலும் சரி, அது உங்கள் சர்வரில் ஓட ஆரம்பித்த பிறகு அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. உங்கள் வாடிக்கையாளருக்கு அதை எழுதியவரைத் தெரியாது, உங்களைத்தான் தெரியும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்த எண்ணத்தில் எழுதியவை.

பேக்கேஜ் ஜேசனில் நான் போட்டது பத்துப் பதினைந்துதான். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ஆயிரம் எப்படி வந்தது?

பேக்கேஜ் ஜேசன் என்பது உங்கள் ப்ராஜெக்ட் கேட்கும் பேக்கேஜ்களின் பட்டியல், நோட் மாட்யூல்ஸ் அவை வந்து இறங்கும் இடம். நீங்கள் போட்ட ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைக் கூட்டிக்கொண்டு வருகிறது, அவை தங்களுக்கு வேண்டியதை. கிரியேட் ரியாக்ட் ஆப் புழக்கத்தில் இருந்த காலத்தில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் வந்து இறங்கும், அதில் ஒன்றைக்கூட நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகம் 2016 மார்ச் 22 அன்று பார்த்தது. என்பிஎம்மில் 'கிக்' என்ற பெயரில் ஒருவர் பேக்கேஜ் வைத்திருந்தார், அதே பெயரில் மெசேஜிங் ஆப் நடத்திய நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது, என்பிஎம் அந்த நிறுவனத்தின் பக்கம் நின்றது. கோபத்தில் அவர் தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களையும் மொத்தமாக எடுத்துவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட். ஒரு சொல்லுக்கு இடது பக்கம் இடைவெளியோ பூஜ்ஜியமோ சேர்த்து நீளத்தைச் சரிக்கட்டும் வேலை, மொத்தம் 11 வரி. பேபெல் மாதிரியான பெரிய கருவிகள் எங்கோ அடியில் அதை நம்பியிருந்ததால், லெஃப்ட்-பேட் என்ற பெயரையே கேள்விப்படாதவர்களின் பில்டெல்லாம் உடைந்தது. சில மணி நேரத்தில் என்பிஎம் தானே அதைத் திரும்ப ஏற்றியது, அப்புறம் பேக்கேஜை நினைத்த நேரத்தில் எடுத்துவிட முடியாதபடி விதியையும் மாற்றியது. அந்த 11 வரி வேலை 2017-இலேயே 'பேட்ஸ்டார்ட்' என்று மொழிக்குள்ளேயே வந்துவிட்டது.

எந்தப் பேக்கேஜ் யாரால் உள்ளே வந்தது என்று பார்க்க 'என்பிஎம் எக்ஸ்ப்ளெய்ன்' என்று அடித்துப் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். மேலே அந்தப் பேக்கேஜ், அதன் கீழே அதைக் கேட்டது யார், அவரைக் கேட்டது யார் என்று படிப்படியாக உங்கள் ப்ராஜெக்ட் வரை வந்து நிற்கும். பழக்கப்பட்டுவிட்டால் இதைவிட உபயோகமான கட்டளை கிடையாது.

வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் இருக்கும் ^, ~ எல்லாம் என்ன?

வெர்ஷனில் மூன்று எண்கள் இருக்கும். 4.17.1 என்றால் 4 மேஜர், 17 மைனர், 1 பேட்ச். பழைய நிரல் உடையும்படி மாற்றினால் மேஜர் ஏறும், புதிதாக வசதி சேர்த்தால் மைனர், பிழை திருத்தினால் பேட்ச். இது செம்வர் என்ற ஏற்பாடு.

^4.17.1 என்றால் 4.17.1 முதல் 5.0.0 வருவதற்கு முன்புவரை எது வந்தாலும் சம்மதம். ~4.17.1 என்றால் 4.18.0-க்கு முன்புவரைதான். எந்தக் குறியும் இல்லையென்றால் அதே வெர்ஷன்தான். பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு: பூஜ்ஜியத்தில் தொடங்கும் வெர்ஷன்களுக்கு ^ இறுக்கமாகிவிடும். ^0.2.3 என்றால் 0.3.0-க்கு முன்புவரை மட்டுமே, ஏனென்றால் 1.0 வராத லைப்ரரியில் மைனர் மாற்றமே எல்லாவற்றையும் உடைக்கலாம்.

செம்வர் என்பது எழுதியவர் தரும் வாக்குறுதி, அவ்வளவுதான். பேட்ச் என்று போட்டு வந்த வெர்ஷன் உங்கள் ஆப்பை உடைப்பது நடக்கிற விஷயம். எழுதியவருக்கு அது பிழை, நீங்கள் அந்தப் பிழையை நம்பியே ஒரு ஸ்கிரீன் கட்டியிருப்பீர்கள்.

லாக் ஃபைலை கிட்டில் கமிட் செய்ய வேண்டுமா?

ஆமாம். அப்ளிகேஷன் என்றால் கட்டாயம்.

பேக்கேஜ் ஜேசன் என்பது கடைக்கு எடுத்துப்போகும் மளிகைச் சீட்டு, 'துவரம்பருப்பு ஒரு கிலோ' என்றுதான் இருக்கும். லாக் ஃபைல் என்பது கடைக்காரர் தந்த பில். எந்தப் பிராண்ட், எந்தப் பாக்கெட் என்று துல்லியமாக அதில் இருக்கும். சீட்டை மட்டும் டீமில் ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஐந்து விதமான பருப்பு வரும். லாக் ஃபைலில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் சரியான வெர்ஷன், அது வந்த முகவரி, அதன் உள்ளடக்கத்தின் ஹாஷ் (கைரேகை மாதிரியான ஓர் அடையாளம்) மூன்றும் இருக்கின்றன. பேக்கேஜ்கள் வந்து இறங்கும் பொதுக் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரியில் இருப்பதை யாராவது மாற்றி வைத்தால் ஹாஷ் ஒத்துப்போகாமல் இன்ஸ்டால் நின்றுவிடும்.

2017-இல் என்பிஎம் 5 வரும்வரை இது தானாக உருவாகாது. அதற்கு முந்தைய வருடம் வந்த யார்ன் பிரபலமானதற்கு லாக் ஃபைல் ஒரு முக்கியக் காரணம்.

நீங்கள் லைப்ரரி எழுதி வெளியிடுகிறவர் என்றால் உங்கள் பேக்கேஜ்-லாக் ஜேசன் பயன்படுத்துகிறவர்களுக்குப் போகாது, அவர்களுடைய ப்ராஜெக்டின் லாக்தான் செல்லும். ஆகவே நீங்கள் சோதித்த அதே கூட்டணி அவர்களிடமும் ஓடுகிறது என்று எண்ண வேண்டாம்.

'என்பிஎம் இன்ஸ்டால்', 'என்பிஎம் சிஐ': சர்வரில் எது?

சர்வரிலும் பில்ட் மெஷினிலும் 'என்பிஎம் சிஐ' மட்டுமே. அது நோட் மாட்யூல்ஸை அழித்துவிட்டு லாக் ஃபைலில் இருப்பதை அச்சு அசலாகப் போடும். லாக்கும் பேக்கேஜ் ஜேசனும் ஒத்துப்போகவில்லை என்றால் தானாகச் சரிசெய்யாமல் பிழை காட்டி நிற்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். 'என்பிஎம் இன்ஸ்டால்' லாக்கை மதிப்பதே இல்லை என்று சிலர் சொல்வது தவறு. இரண்டும் ஒத்துப்போகும்வரை மதிக்கும். ஒத்துப்போகாதபோது கேட்காமல் லாக்கை மாற்றி எழுதும், அந்த மாற்றம் டெப்ளாய் நேரத்தில் நடக்கக் கூடாது.

லாக் ஃபைலில் மெர்ஜ் கன்ஃப்ளிக்ட் வந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா?

வேண்டாம். டீமில் யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்வார், வேலையும் ஆகிவிடும், அதனால்தான் இது ஆபத்து. லாக்கை அழித்தால் அந்த நிமிடத்தில் ^ அனுமதிக்கும் புதிய வெர்ஷன்கள் எல்லாம் ஒரேயடியாக உள்ளே வரும். நீங்கள் சேர்த்தது ஒரு பேக்கேஜ், மாறியது இருநூறு. அடுத்த வாரம் ஒன்று உடைந்தால் எதனால் என்று தேட வழியே இருக்காது.

முதலில் பேக்கேஜ் ஜேசனில் இருக்கும் கன்ஃப்ளிக்டைக் கையால் தீருங்கள், அப்புறம் சாதாரணமாக 'என்பிஎம் இன்ஸ்டால்' கொடுங்கள். லாக்கில் இருக்கும் கன்ஃப்ளிக்ட் குறிகளைப் புரிந்துகொண்டு சேர்க்க அதற்குத் தெரியும்.

ஒரு விதிவிலக்கு: விண்டோஸிலோ மேக்கிலோ உருவான லாக்கை லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுபோனால், ரோல்அப் மாதிரி ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தனி பைனரி வைத்திருக்கும் கருவிகள் 'லினக்ஸ் மாட்யூலைக் காணோம்' என்று நிற்பதுண்டு. ஆப்ஷனல் டிபென்டென்சிகளை (டிபென்டென்சி என்றால் ஒரு நிரல் நம்பியிருக்கும் இன்னொரு பேக்கேஜ்) என்பிஎம் கையாள்வதில் இருந்த பிழை அது, அந்தப் பிழைச் செய்தியே லாக்கையும் நோட் மாட்யூல்ஸையும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லும். அப்போது செய்யுங்கள், ஆனால் அதைத் தனி கமிட்டாக வைத்து முழுசாக டெஸ்ட் ஓட்டிவிட்டு மெர்ஜ் செய்யுங்கள்.

'இரிசால்வ்' என்று சிவப்பில் ஒரு பக்கம் பிழை வருகிறது. நெட்டில் எல்லோரும் 'லெகஸி பியர் டெப்ஸ்' போடச் சொல்கிறார்கள். போடலாமா?

முதலில் படியுங்கள். மிரட்டுகிற மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது மூன்றே தகவல்கள்தான். 'ஃபவுண்ட்' என்ற வரியில் உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது என்று இருக்கும், ரியாக்ட் 19 என்று வைத்துக்கொள்வோம். 'குட் நாட் ரிசால்வ்' என்ற வரிக்குக் கீழே 'பியர் ரியாக்ட் ^17 || ^18' என்று ஒரு வரம்பு, கடைசியில் அந்த வரம்பைக் கேட்ட பேக்கேஜின் பெயர். அதாவது ஒரு லைப்ரரி, 'எனக்கென்று தனியாக ரியாக்ட் வேண்டாம், உங்களிடம் இருப்பதையே பயன்படுத்திக்கொள்கிறேன், ஆனால் அது 17 அல்லது 18 ஆக இருக்க வேண்டும்' என்கிறது. பியர் டிபென்டென்சி என்றால் இதுதான். 2020-இல் வந்த என்பிஎம் 7-க்கு முன்பு இதை வெறும் எச்சரிக்கையாகக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகுதான் பிழையானது.

இப்போது செய்ய வேண்டியது: அந்த லைப்ரரிக்குப் புதிய வெர்ஷன் வந்து ரியாக்ட் 19-ஐ ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் அதன் கிட்ஹப் இஷ்யூக்களில் 19 பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தேடுங்கள். உண்மையில் ஓடுகிறது, எண்ணை மட்டும் மாற்றவில்லை என்று தெரிந்தால் பேக்கேஜ் ஜேசனில் 'ஓவர்ரைட்ஸ்' என்ற பகுதியில் அந்த ஒரு லைப்ரரிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். 'லெகஸி பியர் டெப்ஸ்' எல்லாப் பேக்கேஜ்களின் பியர் சோதனையையும் ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுகிறது, அதிலும் அதை என்பிஎம்ஆர்சி ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் அடுத்து வரும் உண்மையான முரண்பாடும் உங்கள் கண்ணில் படாது. பிறகு ஒருநாள் ஒரே பக்கத்தில் இரண்டு ரியாக்ட் ஏறி 'இன்வேலிட் ஹூக் கால்' என்று வரும்போது காரணம் தேடி நாள் கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பழைய ப்ராஜெக்டில் ஒரு வரிகூட மாற்றவில்லை. புது லேப்டாப்பில் ஓட மறுக்கிறது. ஏன்?

நோட் வெர்ஷன். லைப்ரரிகளை லாக் செய்கிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள், இதுவும் ஒரு டிபென்டென்சிதான்.

பலருக்குத் தெரிந்த உதாரணம்: 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்' என்ற பிழை. வெப்பேக் 4 என்ற பில்ட் கருவி தன் உள் வேலைக்கு எம்டி4 என்ற பழைய ஹாஷைப் பயன்படுத்தியது. நோட் 17-இலிருந்து உள்ளே ஓபன்எஸ்எஸ்எல் 3 வந்தது, அது எம்டி4-ஐ வழக்கமான பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிவிட்டது. உங்கள் நிரலில் எந்தத் தவறும் இல்லை. 'ஓபன்எஸ்எஸ்எல் லெகஸி ப்ரொவைடர்' என்ற ஆப்ஷனைப் போட்டால் ஓடும், ஆனால் அது இன்றைக்கு ஆப்பை எழுப்பிப் பார்க்க மட்டும். தீர்வு வெப்பேக் 5-க்கோ, 'வீட்' (Vite) என்ற பில்ட் கருவிக்கோ மாறுவது.

ஃபோல்டரில் ஒரு என்விஎம்ஆர்சி ஃபைல், பேக்கேஜ் ஜேசனில் 'என்ஜின்ஸ்' வரி இரண்டிலும் நோட் வெர்ஷனை எழுதிவிடுங்கள். இரட்டைப்படை எண் கொண்ட எல்டிஎஸ் (நீண்ட காலம் ஆதரவு கிடைக்கும்) வெர்ஷன்களை மட்டும் எடுங்கள். நோட் 18-க்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது, இன்னும் அதில் இருப்பவர்கள் இந்த வேலையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெவ் டிபென்டென்சியில் எதைப் போடுவது?

ஆப் ஓடும்போது தேவையானவை ஒரு பக்கம், டெஸ்ட், லின்ட், பில்ட் கருவிகள் டெவ் பக்கம். பிரௌசரில் ஓடும் ஆப்புக்கு இந்தப் பிரிவால் பண்டிலின் அளவு மாறாது, நீங்கள் இம்போர்ட் செய்தது மட்டும்தான் உள்ளே போகும். சர்வரில்தான் வித்தியாசம் தெரியும். அங்கே அடிக்கடி விழும் குழி: நோட் என்வைரன்மென்டை 'ப்ரொடக்ஷன்' என்று வைத்துவிட்டு அதே இடத்தில் பில்டும் செய்வார்கள், டெவ் பேக்கேஜ்கள் இறங்காது, 'வீட் நாட் ஃபவுண்ட்' என்று நிற்கும். பில்டை முழு இன்ஸ்டாலோடு ஓட்டி முடித்துவிட்டு, ஓட்டும் இடத்தில் மட்டும் டெவ் பேக்கேஜ்களை விலக்குங்கள்.

'என்பிஎம் ஆடிட்' கொடுத்தால் நாற்பது வல்னரபிலிட்டி (பாதுகாப்பு ஓட்டை) என்கிறது. பயப்பட வேண்டுமா?

எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எண்ணைப் பார்த்து அலட்சியமும் வேண்டாம். ஆடிட் என்பது உங்கள் மரத்தில் இருக்கும் வெர்ஷன்களை, அறிவிக்கப்பட்ட ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. அந்த ஓட்டை இருக்கும் பகுதியை உங்கள் ஆப் தொடுகிறதா என்று அதற்குத் தெரியாது. பில்ட் கருவிக்குள் இருக்கும் ஒரு ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன் நீண்ட உள்ளீட்டில் மெதுவாகும் என்பதையும் 'ஹை' என்றே காட்டும், அந்த உள்ளீட்டைக் கொடுக்கப்போவது நீங்கள் மட்டும்தான்.

முதலில் டெவ் பேக்கேஜ்களை விலக்கி ஓட்டுங்கள். மீதி இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, வெளியாள் அனுப்பும் தகவல் இந்த இடம்வரை வருமா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். வரும் என்றால் அன்றைக்கே திருத்துங்கள். 'ஆடிட் ஃபிக்ஸ்' பரவாயில்லை. அதோடு 'ஃபோர்ஸ்' சேர்த்தால் நீங்கள் கொடுத்த வரம்பைத் தாண்டி மேஜர் வெர்ஷன்களையும் மாற்றிவிடும், எனவே அதை யோசிக்காமல் அடிக்காதீர்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அப்டேட் செய்வது? உடனேயா, பொறுத்தா?

இரண்டு பக்கமும் அடி விழுந்த கதைகள் இருக்கின்றன, இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பொறுத்ததால் வந்தது: அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வந்தது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் அதைத் தன் ஒரு தளத்தில் போடவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலைவரை இருந்தார்கள், ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. திருத்தம் இலவசமாக, எல்லோருக்கும் தெரியும்படி, இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தது.

அவசரத்தால் வரக்கூடியது: 2025 செப்டம்பர் 8 அன்று சாக் (chalk), டீபக் (debug) உட்பட 18 என்பிஎம் பேக்கேஜ்களில் கெட்ட நிரல் ஏறியது. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல் டவுன்லோட் ஆகும் பேக்கேஜ்கள். பராமரிப்பவருக்கு என்பிஎம்மிடமிருந்து வந்த மாதிரியே ஒரு மெயில், 'டூ ஃபேக்டரைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்' என்று. அவர் போலித் தளத்தில் விவரங்களைக் கொடுத்துவிட்டார். ஏற்றப்பட்ட நிரல் பிரௌசரில் கிரிப்டோ பரிவர்த்தனைகளை வேறு முகவரிக்குத் திருப்புவதற்கானது. சில மணி நேரத்தில் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் புதிதாக இன்ஸ்டால் செய்தவர்கள்தான் மாட்டியவர்கள், லாக்கோடு 'சிஐ' ஓட்டியவர்களுக்குப் பழைய வெர்ஷனே வந்தது.

ஆகவே என் பரிந்துரை: சாதாரண அப்டேட்களைச் சில நாள் ஆறவிட்டு எடுங்கள். பிஎன்பிஎம் 10.16-இலிருந்து இதற்கென்றே 'மினிமம் ரிலீஸ் ஏஜ்' என்ற அமைப்பு இருக்கிறது, நிமிடக் கணக்கு, 10080 என்று போட்டால் ஒரு வாரம் ஆகாத எதையும் தொடாது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் இந்தப் பொறுமை கிடையாது. 2025 டிசம்பர் 3 அன்று ரியாக்ட் சர்வர் காம்போனென்ட்களில், லாகின் இல்லாமலே சர்வரில் நிரலை ஓட்டவைக்கும் ஓட்டை அறிவிக்கப்பட்டது, தீவிரம் பத்துக்குப் பத்து. சில மணி நேரத்திலேயே தாக்குதல் முயற்சிகள் தொடங்கிவிட்டன. அப்படியான நாளில் ஒரு வாரம் ஆறப்போட முடியாது.

நடைமுறையில், புது வெர்ஷன் வந்தால் தானாகவே புல் ரிக்வெஸ்ட் போடும் டிபென்டபாட் அல்லது ரெனோவேட்டைப் போட்டு, பேட்ச் மைனர்களை வாரம் ஒருமுறை ஒரே புல் ரிக்வெஸ்டாகத் தொகுத்து வரச் செய்யுங்கள். மேஜர்கள் ஒன்றுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட், சேஞ்ச்லாகைப் படித்துவிட்டு. டெஸ்டே இல்லாத ப்ராஜெக்டில் இதில் எதுவும் பயன் தராது. லாகின், பணம் கட்டுவது என்று முக்கியமான நான்கைந்து வழிகளுக்காவது டெஸ்ட் எழுதிவிட்டு வாருங்கள்.

இன்ஸ்டால் செய்வதாலேயே ஆபத்து வருமா? நான் இன்னும் இம்போர்ட்கூடச் செய்யவில்லையே?

வரும். ஒரு பேக்கேஜ் 'போஸ்ட்இன்ஸ்டால்' என்று ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் அது இறங்கியவுடனே உங்கள் மெஷினில், உங்கள் உரிமைகளோடு ஓடும். 2025 செப்டம்பரில் பரவிய ஷாய்-ஹுலூத் புழு இதைத்தான் பயன்படுத்தியது: இறங்கிய இடத்தில் இருக்கும் டோக்கன்களை (பாஸ்வேர்டு மாதிரியான ரகசியச் சாவிகளை) தேடும், கிடைத்ததை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போடும், என்பிஎம் டோக்கன் சிக்கினால் அந்த ஆளின் மற்றப் பேக்கேஜ்களுக்குள்ளும் தன்னையே ஏற்றி வெளியிடும். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் மாட்டின. நவம்பரில் இன்னோர் அலையும் வந்தது.

பிஎன்பிஎம் 10-இல் இந்த ஸ்கிரிப்ட்கள் இயல்பாகவே ஓடாது, எது ஓடலாம் என்று நீங்கள் பெயர் சொல்லி அனுமதிக்க வேண்டும். என்பிஎம்மில் 'இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்' ஆப்ஷன் இருக்கிறது. பைனரி இறக்கும் சில பேக்கேஜ்களுக்கு மட்டும் தனியாக ஓட்ட வேண்டி வரலாம், அந்தச் சிரமம் தகும். லேப்டாப்பில் காலாவதியே ஆகாத டோக்கன்களை வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

ஒரு லைப்ரரியைச் சேர்ப்பதற்கு முன் என்ன பார்ப்பது?

முதலில், அது வேண்டுமா என்று. பிரௌசரும் நோடும் கடந்த சில வருடங்களில் நிறைய வளர்ந்துவிட்டன, நாம் பழைய நினைவிலேயே இருக்கிறோம். நம் ஊர் முறையில் லட்சம், கோடிக்குக் காற்புள்ளி போட இன்னும் பேக்கேஜ் தேடுகிறார்கள். 'டூ லொகேல் ஸ்ட்ரிங்'குக்கு 'இஎன்-ஐஎன்' என்று கொடுத்தால் 1234567 என்பது 12,34,567 என்று வந்துவிடும். தேதிக்கு 'டிஏ-ஐஎன்' என்று கொடுத்து மாதத்தைப் பெயராகக் கேட்டால் அது தமிழில் வரும். தமிழில் எழுத்து எண்ண வேண்டுமா? 'தமிழ்' என்ற சொல்லின் லெங்த்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும், புள்ளியையும் இகரக் குறியையும் தனியாக எண்ணுவதால். 'இன்டில் செக்மென்டர்' வைத்து எண்ணினால் 3, த-மி-ழ் என்று சரியாக வரும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்த்துக்கொண்டதால் முக்கியப் பிரௌசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. நெட்டிலிருந்து தகவல் எடுக்கும் 'ஃபெட்ச்' நோட் 18-இலேயே வந்துவிட்டது.

அதே சமயம் எல்லாவற்றையும் நாமே எழுதுவதும் சரியில்லை. பாஸ்வேர்டு ஹாஷ், என்க்ரிப்ஷன், டைம்ஸோன் கணக்கு, பயனர் தரும் எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்வது, இவற்றில் கை வைக்காதீர்கள். பல வருடம் பலர் அடிபட்டுத் திருத்திய நிரல் உங்கள் ஒரு மாலை நேர நிரலைவிட நிச்சயம் பத்திரமானது.

சேர்ப்பது என்று முடிவானால், நட்சத்திர எண்ணிக்கையை விடுங்கள். கடைசி வெளியீடு எப்போது, எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், அது தன்னோடு எத்தனை பேரைக் கூட்டி வருகிறது, இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் இருக்கிறதா, இஷ்யூக்களுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் நோட் மாட்யூல்ஸில் அந்த ஃபோல்டரைத் திறந்து நிரலைப் படியுங்கள். முந்நூறு வரிதான் என்றால் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும், அதில் உங்களுக்கு வேண்டியது இருபது வரிதான் என்றும் தெரியவரும். எம்ஐடி லைசென்ஸ் என்றால் காப்பிரைட் குறிப்போடு அந்த இருபது வரியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏஐ ஒரு பேக்கேஜ் பெயரைச் சொன்னது. அப்படியே இன்ஸ்டால் செய்யலாமா?

கூடாது. இல்லாத பேக்கேஜ் பெயர்களை அது நம்பிக்கையோடு சொல்லும். அதே பெயரை முன்கூட்டியே பதிவு செய்து கெட்ட நிரல் வைத்துக் காத்திருக்க ஆட்களால் முடியும். தட்டச்சுப் பிழையை நம்பி இதே வேலை முன்பே நடந்திருக்கிறது. 2017-இல் 'கிராஸ்-என்வ்' என்பதை நடுவில் கோடு இல்லாமல் அடித்தவர்களுக்குப் போலி ஒன்று இறங்கி, என்வைரன்மென்ட் வேரியபிள்களைத் திருடி அனுப்பியது. பெயரை அந்த லைப்ரரியின் சொந்த ஆவணப் பக்கத்திலிருந்து எடுங்கள்.

என்பிஎம் எல்லாம் வேண்டாம், சிடிஎன்னிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் டேக் போட்டால் போதாதா?

சிடிஎன் என்பது லைப்ரரி ஃபைல்களை வேறொருவரின் சர்வரிலிருந்து தரும் சேவை. சின்னப் பக்கத்துக்குப் போதும், வெர்ஷனை முழுசாகக் குறிப்பிட்டு, 'இன்டெக்ரிட்டி' ஹாஷும் சேர்த்தால். ஹாஷ் இல்லையென்றால் அந்த டொமைன் யார் கைக்குப் போகிறதோ அவர்கள் உங்கள் பக்கத்தில் நினைத்ததை ஓட்டலாம். பாலிஃபில் ஐஓ தளம் 2024 பிப்ரவரியில் கைமாறியது, ஜூனில் அதிலிருந்து கெட்ட ஸ்கிரிப்ட் வர ஆரம்பித்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை இணைத்திருந்தன. அது பிரௌசருக்குப் பிரௌசர் வேறு ஃபைல் தரும் சேவை என்பதால் ஹாஷும் போட முடியாது. ஃபைலை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பயன்படுத்தும் லைப்ரரியை எழுதியவர் கைவிட்டுவிட்டார். உடனே மாற்ற வேண்டுமா?

கைவிடுவதிலும் வகை இருக்கிறது. தேதி, நேரக் கணக்குக்கான மொமென்ட் ஜேஎஸ் லைப்ரரியின் குழு 2020 செப்டம்பரில், இனி புது வசதிகள் கிடையாது, புதிய ப்ராஜெக்டுக்கு வேறு எடுங்கள் என்று வெளிப்படையாக எழுதியது. இப்படி மரியாதையாக விடைபெற்ற லைப்ரரியை அவசரமில்லாமல் மாற்றலாம். நெட்வொர்க்கையோ பயனர் உள்ளீட்டையோ தொடாத சின்ன லைப்ரரி மூன்று வருடமாக அசையவில்லை என்றால், ஒருவேளை அது முடிந்துபோன வேலையாகவே இருக்கலாம்.

கவலைப்பட வேண்டியது, களைத்துப்போனவர் அதை முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கும்போது. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜ் விஷயத்தில் அதுதான் நடந்தது. 2018-இல் உதவி செய்கிறேன் என்று வந்தவரிடம் பொறுப்பு போனது, அவர் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற புது டிபென்டென்சியைச் சேர்த்தார், அதற்குள் ஒரு குறிப்பிட்ட பிட்காயின் வாலட் ஆப்பைக் குறிவைத்த நிரல் இருந்தது. பழைய பராமரிப்பாளரை எல்லோரும் திட்டினார்கள். வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டவர் அவர், பயன்படுத்திச் சம்பாதித்தவர்கள் எத்தனை பேர் ஒரு ரூபாய் கொடுத்தார்கள், ஒரு பேட்ச் அனுப்பினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். உங்கள் ஆப் ஒரு லைப்ரரியை நம்பி ஓடுகிறது என்றால், ஸ்பான்சர் செய்யுங்கள், அல்லது டாக்குமென்டேஷனில் ஒரு பிழையையாவது திருத்தி அனுப்புங்கள்.

லைசென்ஸ் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி என்றால் குறிப்பை வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். ஏஜிபிஎல் வந்தால் நிறுத்திக் கேளுங்கள், அந்த லைசென்ஸில் மாற்றிய நிரலை நெட்வொர்க் வழியே சேவையாகத் தந்தாலும் மூல நிரலைத் தர வேண்டிய கடமை வருகிறது. லைசென்ஸே இல்லாத ரெப்போ என்றால் அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம்.

பிஎச்பி, பைதானுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். பிஎச்பியின் கம்போஸரில் லாக் ஃபைல் உண்டு, சர்வரில் 'கம்போஸர் இன்ஸ்டால்' மட்டும், 'அப்டேட்' உங்கள் மெஷினில். பைதானில் வெறும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் வெர்ஷன் எண் இல்லாமல் பெயர்களை மட்டும் எழுதி வைப்பது லாக் இல்லாமல் ஓடுவதற்குச் சமம். பொயட்ரி அல்லது யுவி எடுத்தால் லாக் கிடைக்கும்.

நான்கு வருடமாக யாரும் தொடாத ப்ராஜெக்ட் கைக்கு வந்திருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

அப்டேட்டில் ஆரம்பிக்காதீர்கள். அது இப்போது இருக்கிறபடியே, பழைய நோட் வெர்ஷனோடு, லாக்கோடு ஓடவைத்து, முக்கியமான வழிகளுக்கு டெஸ்ட் எழுதுங்கள். அப்புறம் எங்கேயும் இம்போர்ட் ஆகாத பேக்கேஜ்களைத் தேடி நீக்குங்கள், பழைய ப்ராஜெக்டில் இது கணிசமாக இருக்கும். அடுத்து வெளியிலிருந்து தொடக்கூடிய ஓட்டைகள். பிறகு நோட், ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து அடுத்ததற்கு, ஒவ்வொரு படியிலும் டெஸ்ட் ஓட்டி. கடைசியாக ஃப்ரேம்வொர்க், ஒரு மேஜர் விட்டு ஒரு மேஜர் தாவாமல் வரிசையாக, அந்தந்த வெர்ஷனின் மைக்ரேஷன் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. இதற்கு வாரங்கள் ஆகும் என்று வேலை கொடுத்தவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்ல?' என்று கேட்பார்கள், அப்போது 'என்பிஎம் அவுட்டேட்டட்' காட்டும் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் இப்போது இருக்கும் வெர்ஷனையும் கடைசி வெர்ஷனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள்.